வண்டி இருக்கக் கூடாரம் எதற்கு?

உறங்கவும் சமைக்கவும் வசதி செய்த வண்டியில் ஊர் சுற்றப் புறப்படுவோர் கூடாரத்தையும் உடன் எடுத்துச் செல்வது வீண் சுமை என்னும் கருத்து, அவ்வகைப் பயணம் பரவியிருக்கும் நாடுகளில் எல்லாம் இன்று கேள்விக்கு அப்பாற்பட்டதாக நிலைபெற்றுவிட்டது. கேம்பர்வேன் என்று வழங்கும் இவ்வண்டிகளை வாடகைக்கு விடுவோரும், பழைய சரக்கு வேனை வாங்கித் தம் கையாலேயே கட்டிலும் அலமாரியும் பொருத்திக்கொள்வோரும் இதை ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கின்றனர்: கூரை ஒன்று தலைக்கு மேல் இருக்கும்போது துணியால் ஆன இன்னொரு கூரையை மடித்துக் கட்டிச் சுமப்பது, கிணற்றை அருகில் வைத்துக்கொண்டு குடத்து நீரை ஊரெல்லாம் தூக்கித் திரிவதற்கு ஒப்பாகும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இக்கருத்து பயணிகளின் வசதியை மட்டும் பற்றியதாக இருந்திருந்தால் அதை மறுக்க நீண்ட கட்டுரை தேவைப்பட்டிராது. ஆனால் அது மக்கள் எங்கே நிற்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், தாங்கள் காண வந்த நிலத்தை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பனவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த அளவில் அது தவறான கருத்து மட்டுமன்றி, தீங்கு விளைக்கும் கருத்துமாகும்.

இதைச் சோதித்துப் பார்ப்பதற்கு ஸ்காட்லாந்தின் வடமேற்குப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் அரிது. இன்வர்னஸ் நகரில் தொடங்கி அந்நகரிலேயே முடியும் வகையில், வடகோடிக் கடற்கரையைச் சுற்றி ஏறத்தாழ 830 கிலோமீட்டர் நீளும் பாதை ஒன்று 2015இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்னும் பெயரில் சுற்றுலாத் தடமாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, கோடை மாதங்களில் கேம்பர்வேன்கள் அங்கே அணி அணியாகச் செல்கின்றன. அச்சாலையின் பல பகுதிகள் ஒரே ஒரு வண்டி செல்லும் அகலமே கொண்டவை. எதிரே வருவதற்கு வழிவிடச் சிறு ஒதுங்குமிடங்கள் இடையிடையே அமைக்கப்பட்டிருக்கின்றன. சட்டம், வானிலை, சாலை ஆகிய மூன்றும் இங்கே கூடாரத்தைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடையளிக்கின்றன. அவ்விடை நடப்புக் கருத்துக்கு நேர் எதிரானது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. வண்டியின் உலோகச் சுவர் மழையையும் காற்றையும் கூடாரத் துணியைவிட நன்றாகத் தடுக்கிறது. பூட்டிக்கொள்ளக் கதவு இருக்கிறது. இருள் கவிந்தபின் கொட்டும் மழையில் முளையடித்துக் கயிறு கட்டும் தொல்லை இல்லை. காலையில் நனைந்த துணியைச் சுருட்டி வண்டிக்குள் வைத்து அங்குள்ள அனைத்தையும் ஈரமாக்க வேண்டியதில்லை. இட நெருக்கடி மிகுந்த வண்டியில் பயன்படாத பொதி ஒன்று மூலையை அடைத்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. இவற்றோடு இன்னொன்றும் சொல்லப்படுகிறது. ஏரிக்கரைகளில் கூடாரமடித்துக் குடித்துக் கும்மாளமிட்டுக் குப்பையை விட்டுச் செல்லும் கூட்டத்தால் கூடாரத்துக்கே கெட்ட பெயர் ஏற்பட்டிருக்கிறது என்றும், வந்த சுவடு தெரியாமல் ஓரிரவு நின்றுவிட்டுப் போகும் வண்டி நாகரிகமானது என்றும் அவர்கள் கருதுகின்றனர். இவற்றுள் சில, தனித்தனியே பார்க்கும்போது, உண்மையே. ஆயினும் இவை அனைத்துக்கும் அடியில், வண்டியும் கூடாரமும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் என்னும் எண்ணம் கிடக்கிறது. ஆராயாமலே ஏற்கப்பட்ட அந்த எண்ணம்தான் பிழையின் வேர்.

வண்டி சாலை செல்லும் இடம் வரையில்தான் செல்லும். அதன் கூரை பயன்படுவதும் அதுவரைதான். இது சொல்லாமலே விளங்கும் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஸ்காட்லாந்துச் சட்டம் இந்த வேறுபாட்டையே அடித்தளமாகக் கொண்டிருப்பதைப் பயணிகளில் பெரும்பாலோர் அறிவதில்லை. 2003ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் அதில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் படகு செலுத்தவும் இரவு தங்கவும் உரிமை வழங்குகிறது. வீடுகளை ஒட்டிய நிலம், பயிர் நிற்கும் வயல் போன்றவை மட்டுமே விலக்கு. இதை ‘நுழைவுரிமை’ என்பர். மோட்டார் வண்டியில் வந்து தங்குவதற்கு இந்த உரிமை கிடையாது என்பதும் அதே சட்டத்தின் பகுதி. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வெளிப்புற நுழைவு நெறிமுறை, தங்குவோர் சிறு எண்ணிக்கையில், எடை குறைந்த கூடாரத்தோடு, ஓரிடத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்கு மேற்படாமல், கட்டடங்களிலிருந்தும் சாலைகளிலிருந்தும் நன்கு விலகித் தங்க வேண்டும் என்று விளக்குகிறது. சாலையைவிட்டு விலகித் தங்குவது வண்டியால் ஆகக்கூடிய செயலன்று.

சாலையோர நிலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துவதைப் பற்றி மக்களிடையே வழங்கும் ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம், அனுமதியின்றிச் சாலையைவிட்டு நிலத்துக்குள் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது; நிறுத்துவதற்காகச் சாலையிலிருந்து 15 கஜம், அதாவது ஏறக்குறைய 14 மீட்டர், உள்ளே செல்வோருக்கு மட்டும் அந்தக் குற்றத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. இந்த விலக்கையே பலர் அந்த 15 கஜத்துக்குள் இரவு தங்கும் உரிமை என்று எடுத்துக்கொள்கின்றனர். தண்டனையிலிருந்து விலக்கு என்பது வேறு, உரிமை என்பது வேறு. நில உடைமையாளர் எழுந்து போகச் சொன்னால் வண்டிக்காரர் போக வேண்டியதுதான். அதே இடத்திலிருந்து அரைமணி நேரம் மலைச்சரிவில் நடந்து சென்று சிறு கூடாரம் அடித்தவரை, நெறிமுறைப்படி நடந்துகொள்ளும் வரையில், அவ்வாறு எழுப்பிவிட முடியாது. ஆக, ‘வண்டி இருப்பதால் கூடாரம் வேண்டாம்’ என்பவர், தமக்குச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை வீட்டிலேயே விட்டுவிட்டு, உரிமை எதையும் தராத ஒன்றில் ஏறிப் புறப்படுகிறார் என்பதே நிலைமை.

இது ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரிய விந்தையுமன்று. நார்வேயில் 1957ஆம் ஆண்டின் வெளிப்புற வாழ்க்கைச் சட்டம், குடியிருக்கும் வீடுகளிலிருந்து குறைந்தது 150 மீட்டர் தள்ளித் திறந்த நிலத்தில் கூடாரமடிக்க இடம்கொடுக்கிறது. ஸ்வீடனின் பொது உரிமை மரபும் நடந்து செல்பவரின் கூடாரத்தை ஏற்று, சாலையைவிட்டு இறங்கும் வண்டியை ஏற்காது. இங்கிலாந்தில் இத்தகைய பொது உரிமை இல்லாதபோதும், டார்ட்மூர் புல்வெளியில் கூடாரமடித்துத் தங்கும் வழக்கத்தை நில உடைமையாளர்கள் எதிர்த்துத் தொடுத்த வழக்கில், அது சட்டப்படியான உரிமையே என்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. நடந்து வந்து துணிக்கூரையின் கீழ் ஓரிரவு படுத்தெழும் மனிதனுக்காக மக்கள் நீதிமன்றம் வரை சென்று போராடியிருக்கிறார்கள் என்பது, அக்கூரையைத் தேவையற்ற பொதி என்று தள்ளுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

உரிமை காகிதத்தில் கிடப்பதோடு முடிவதில்லை. அது திறந்துவிடும் இடங்கள் உண்டு. வடமேற்கு முனையில் பிளேர்மோர் என்னும் சிற்றூரில் சாலையோரம் வண்டி நிறுத்துமிடம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர், புல்லும் சேறும் சிறு ஏரிகளும் கலந்த தரிசின் ஊடே நடந்தால் சேண்ட்வுட் விரிகுடா வரும். பின்னால் மணற்குன்றுகளும் நன்னீர் ஏரியும், முன்னால் அட்லாண்டிக் கடலும், தெற்கு முனையில் கடலிலிருந்து தூணாய் எழும் ஒற்றைப் பாறையுமாக அமைந்த அந்தக் கடற்கரைக்கு வண்டிச் சாலை கிடையாது. ஜான் மியூர் அறக்கட்டளையின் பராமரிப்பில் உள்ள அந்த இடத்தை, வண்டியோடு மட்டும் வந்தவர் பகலில் போய்ப் பார்த்து, பதின்மூன்று கிலோமீட்டர் நடையை அன்றைக்கே முடித்துத் திரும்பிவிடலாம். ஆனால் அந்தக் கடற்கரையின் சிறந்த நேரம் கோடையின் பின்மாலை. அங்கே ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகும் வெளிச்சம் நிற்கும், அதன்பின்னும் வானம் முழுதாய் இருள்வதில்லை. அந்த நேரத்தில் அங்கே இருக்க விரும்புபவருக்குப் பிளேர்மோரில் நிற்கும் வண்டியின் மெத்தையால் எந்தப் பயனும் இல்லை.

நொய்டார்ட் தீபகற்பத்தின் நிலையும் இதுவே. பிரிட்டன் பெருநிலத்தின் பகுதியாக இருந்தும், நாட்டின் சாலை வலைப்பின்னலோடு இணைக்கப்படாத பகுதி அது. மாலேய்க் துறைமுகத்திலிருந்து படகில் இன்வரீ ஊருக்குச் செல்லலாம். அல்லது இரண்டு நாள் மலை ஏறி இறங்கி நடந்து சேரலாம். ரம், எக், மக், கன்னா என்னும் நான்கு சிறு தீவுகளுக்கும் சுற்றுலாப் பயணிகள் வண்டியைக் கொண்டுசெல்ல முடியாது. ஓரிரு வாரப் பயணத்துக்கென்று பெருந்தொகை கொடுத்து வண்டி எடுத்தவர், மாலேய்க் துறையில் நின்று எதிரே தெரியும் தீவுகளைப் பார்த்துவிட்டு, தங்குவதற்கு ஒன்றும் கையில் இல்லாததால் மீண்டும் சாலையிலேயே திரும்பிச் செல்வது வருந்தத்தக்க இழப்பு. அந்த இழப்பைத் தவிர்க்கத் தேவைப்பட்டது மூன்று கிலோ எடையுள்ள ஒரு பொதி.

இனி, கூடாரத்தின் கெட்ட பெயரைப் பற்றிய வாதத்துக்கு வரலாம். லாக் லோமண்ட் ஏரியைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவில், 2011இல் கிழக்குக் கரையிலும், பின்னர் 2017இல் மேலும் பல ஏரிக்கரைகளிலும் தங்குவதைக் கட்டுப்படுத்தும் துணைவிதிகள் கொண்டுவரப்பட்டன; இப்போது மார்ச் முதல் செப்டம்பர் வரை அங்கே அனுமதிச் சீட்டில்லாமல் தங்கக் கூடாது. கிளென்கோவை அடுத்த கிளென் எட்டிவ் பள்ளத்தாக்கில், மறுமுனையில் வழியின்றி முடியும் குறுகிய சாலையின் இருபுறமும் எரிந்த புல்லும் கைவிடப்பட்ட மலிவுக் கூடாரங்களும் மனிதக் கழிவும் கிடந்ததைப் பற்றி உள்ளூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டிருக்கின்றனர். இவை மறுக்க முடியாத உண்மைகள். ஆனால் அந்தக் கூடாரங்கள் எங்கே அடிக்கப்பட்டிருந்தன என்று பார்த்தால் எதிர்த்தரப்பின் வாதம் தலைகீழாகிவிடும். அவற்றுள் பெரும்பாலானவை வண்டி நின்ற இடத்திலிருந்து சில அடி தூரத்தில், பீர்ப் பெட்டியையும் நாற்காலியையும் கையால் தூக்கிச் செல்லக்கூடிய எல்லைக்குள் அடிக்கப்பட்டவை. நிலத்தைக் கெடுத்தது, வண்டியைவிட்டு விலக மனமில்லாத பழக்கம். அதே பழக்கம்தான் இன்று கேம்பர்வேன் வடிவில் ஒதுங்குமிடங்களை இரவு முழுவதும் அடைத்துக்கொண்டு, அவசர ஊர்திக்கும் பால் வண்டிக்கும் வழியில்லாமல் செய்கிறது. முதுகில் சுமந்து ஒருமணி நேரம் நடந்து செல்ல வேண்டும் என்றால் எவரும் பீர்ப் பெட்டியைக் கொண்டுசெல்வதில்லை. சுமந்து சென்ற கூடாரத்தைக் காலையில் கைவிட்டுவிட்டு வருவதும் அரிது. கூடாரத்தைச் சாலையிலிருந்து பிரித்துக் கொண்டுசெல்லும் பழக்கமே சாலையோரத்தின் நெரிசலுக்கு மருந்தாக இருக்க, நோய்க்குக் காரணம் அதுவே என்று பழிசுமத்தப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் அரசு வனத்துறை தன் வண்டி நிறுத்துமிடங்கள் சிலவற்றில், கழிவறை வசதியைத் தன்னுள்ளேயே கொண்ட வண்டிகள் ஓரிரவு நிற்க இடமளிக்கிறது என்பதும், நியூசிலாந்து 2023இல் இயற்றிய சட்டத்தில் அத்தகைய வண்டிகளுக்கே முன்னுரிமை தந்திருக்கிறது என்பதும் எதிர்த்தரப்பு காட்டக்கூடிய சான்றுகள். அவை நல்ல ஏற்பாடுகளே. நிறுத்துமிடத்தின் கற்பரப்பில் கூடாரம் அடிக்க வேண்டும் என்று இங்கு எவரும் வாதிடவில்லை.

வண்டிக்குள் உறங்குவது உலர்ந்த, சூடான, துன்பமில்லாத அனுபவம் என்னும் நம்பிக்கையையும் அளந்து பார்க்க வேண்டும். மனித உடல் உறக்கத்திலும் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது; எட்டு மணி நேர உறக்கத்தில் அது ஒருவருக்கு ஏறக்குறைய கால் லிட்டர் அளவுக்கு வரும். இருவர் படுத்த வண்டிக்குள் விடிவதற்குள் அரை லிட்டர் நீர் காற்றில் கலந்து, குளிர்ந்த உலோகத்திலும் கண்ணாடியிலும் படிந்து துளிகளாக வழிகிறது. கண்ணாடி வியர்ப்பது என்று இதைத்தான் சொல்கிறோம். சமையல் இதைவிடக் கடுமையாக ஈரம் கூட்டும். அடுப்பு எரிவாயுவாகிய புரோப்பேன் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 100 கிராம் வாயு எரிந்தால் 160 கிராமுக்கும் மேல் நீராவி உண்டாகும். பாத்திரத்திலிருந்து எழும் ஆவி இதில் சேராது. நனைந்த மேலங்கி, சேறு படிந்த காலணி, ஈரத்துண்டு ஆகியனவும் அதே ஆறேழு சதுர மீட்டருக்குள் தொங்குகின்றன. ஹைலேண்ட்ஸ் என்று வழங்கும் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தின் மேற்கு மலைப்பகுதிகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. அங்கே இவை ஒரே நாளில் உலர்வதில்லை. மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கத் தொடங்குவது இப்படித்தான்.

கதவைத் திறந்து வைத்தால் போயிற்று என்று சொல்லக்கூடும். ஹைலேண்ட்ஸில் மே இறுதி தொடங்கிச் செப்டம்பர் வரை அதற்கும் தடை இருக்கிறது. மிட்ஜ் என்னும் மிகச் சிறிய கடிபூச்சி, காற்று அடங்கிய விடியலிலும் மாலையிலும் கூட்டம் கூட்டமாக எழுந்து, மனிதர் வெளிவிடும் கரியமிலவாயுவை மோப்பம் பிடித்து வந்து மொய்க்கும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அதன் உடல் சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள்ளும் நுழைந்துவிடும். அகலமாக விரியும் வண்டியின் வழுக்குக் கதவை அந்த நேரத்தில் ஒரு நிமிடம் திறந்தால் இரவு முழுவதும் உள்ளே அவற்றோடுதான் படுக்க வேண்டும். மூடினால் ஈரம், திறந்தால் பூச்சி என்னும் இந்த இக்கட்டுக்கு நல்ல மலைக் கூடாரத்தின் அமைப்பிலேயே தீர்வு இருக்கிறது: உள்ளே நுண்ணிய வலையால் ஆன அறை, வெளியே மழைநீர் இறங்காத மேல்துணி, இரண்டுக்கும் இடையே காற்று ஓடும் இடைவெளி. மூச்சின் ஈரம் வலையைக் கடந்து மேல்துணியின் உட்புறத்தில் படிந்து தரைக்கு வழிகிறது. உறங்குபவர் மேல் விழுவதில்லை. வண்டியோடு வந்தவருக்குக் கூடாரம் இன்னொரு வகையிலும் பயன்படும். உறங்குவது வண்டியிலேயே ஆனாலும், ஈர உடைகளையும் காலணியையும் வைக்கத் தனி இடம் கிடைப்பதால் படுக்குமிடம் உலர்ந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும். மூடிய இடத்தில் எதை எரித்தாலும், வண்டியானாலும் கூடாரமானாலும், கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு சேரக்கூடும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாக அதைப் பற்றிக்கொள்வதால், உறங்குபவர் விழிக்காமலேயே இறந்துவிடக்கூடும். அணைந்துவிட்டதாகத் தோன்றும் கரியடுப்பைக் குளிருக்காக உள்ளே எடுத்துவைத்து உயிரிழந்தவர்கள் இரு வகைத் தங்குமிடத்திலும் உண்டு. ஆகவே சமையலுக்குரிய இடம் நாற்புறமும் அல்லது ஒரு புறமாவது நன்கு திறந்த, கூரை மட்டும் உள்ள வெளியிடமே.

காற்றைத் தாங்கும் வலிமையில் வண்டி உயர்ந்தது என்னும் வாதம் பெரும்பாலும் சரியானது. அக்டோபருக்குப் பிறகு அட்லாண்டிக்கிலிருந்து வரும் புயலில் கூடாரத்தில் படுக்குமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. எனினும் அந்த வாதத்தைச் சொல்வோர் பலருடைய வண்டியின் மேற்கூரை மேலே தூக்கிவிடக்கூடியது; தூக்கிய கூரைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள சுவர் துணியால் ஆனது. காற்று மிகுந்தால் அதை இறக்கிவிடுமாறு தயாரிப்பாளர்களே அறிவுறுத்துகின்றனர். துணிச் சுவருக்குள் படுத்துக்கொண்டே துணியை இகழ்வதில் முரண்பாடு இருக்கிறது. வண்டியின் வடிவமைப்பாளர்கள் கூடாரத்தைக் கைவிடவில்லை, உச்சியில் தூக்கி வைத்திருக்கிறார்கள்.

வரலாறும் இதையே காட்டுகிறது. ஸ்காட்லாந்தில் பிறந்த முன்னாள் கடற்படை மருத்துவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், இன்பப் பயணத்துக்கென்றே ‘வாண்டரர்’ என்னும் பெயரில் வீட்டு வண்டி ஒன்றைச் செய்வித்து, 1885 கோடையில் இரு குதிரைகள் இழுக்கத் தென் இங்கிலாந்திலிருந்து இன்வர்னஸ் வரை சென்றார். ஏறத்தாழ இரண்டு டன் எடை கொண்ட அவ்வண்டிக்கு முன்னால், எதிரே வருவோரை எச்சரிக்க அவருடைய பணியாள் மூன்றுசக்கர மிதிவண்டியில் சென்றார். வண்டியில் வாழும் பயணத்தின் முன்னோடியாக அவரைக் கொண்டாடுகிறார்கள். ஆனால் அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1877இல், தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்னும் தையற்கலைஞர் சிறு படகும் கூடாரமுமாக அதே ஹைலேண்ட்ஸில் பயணம் செய்திருந்தார். பின்னர் மிதிவண்டியில் கட்டிச் செல்லும் அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களைத் தாமே வடிவமைத்த அவர், 1901இல் தொடங்கிய மிதிவண்டி முகாமாளர் சங்கம், இன்று வண்டியாளர்களையும் கூடாரத்தாரையும் ஒன்றாக உள்ளடக்கிய பெரிய அமைப்பாக வளர்ந்திருக்கிறது. கூடாரம் முதிர்ந்து வண்டியாயிற்று, ஆகவே கூடாரம் பழமை என்று வரையப்படும் படிவளர்ச்சிக் கோடு உண்மையில் இல்லை. இரண்டும் அருகருகே பிறந்து, வெவ்வேறு தேவைக்காக அருகருகே வளர்ந்தவை.

வண்டி பழுதாகும் நாளைப் பற்றி நடப்புக் கருத்து மௌனமாக இருக்கிறது. வடகோடிக் கடற்கரையிலுள்ள டர்னஸ் ஊரிலிருந்து இன்வர்னஸ் ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவு. இடையில் பெரிய பணிமனைகள் இல்லை. வண்டியையே வீடாக்கிக்கொண்டவருக்கு, இழுவை ஊர்தி வந்து அதைத் தூக்கிச் செல்லும்போது படுக்கையும் கூரையும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஜூலை, ஆகஸ்டில் அக்கரையோரத்து விடுதிகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். மதுவைப் பற்றிய சட்டமும் இங்கே நினைவுகூரத்தக்கது. 2014 டிசம்பரிலிருந்து ஸ்காட்லாந்தில் ஓட்டுநரின் இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் அது 80. ஓட்டுவது மட்டுமன்றி, அந்த அளவைக் கடந்த நிலையில் பொது இடத்தில் வண்டியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதும் குற்றம். ஓட்டும் வாய்ப்பே இருக்கவில்லை என்று மெய்ப்பித்தால் தப்பலாம், ஆனால் மெய்ப்பிக்கும் சுமை வண்டிக்குள் படுத்திருந்தவர் மேல்தான் விழும். உணவகத்தில் இரண்டு கோப்பை விஸ்கி அருந்திவிட்டு, நிறுத்துமிடத்தில் நிற்கும் வண்டிக்குள் உறங்குவோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

எஞ்சியிருப்பது எடையும் இடமும் பற்றிய முறையீடு. பிரிட்டனில் சாதாரண ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வண்டியின் உச்ச எடை 3,500 கிலோ. இருவர் படுக்கும் நல்ல மலைக் கூடாரம் 2 முதல் 3 கிலோ எடையுள்ளது, சுருட்டினால் ஒரு தலையணை அளவே இருக்கும். வண்டியில் ஏற்றும் ஒரே ஒரு 20 லிட்டர்த் தண்ணீர்க் குடுவை அதைப் போல ஏழு மடங்கு எடை கொண்டது. வண்டியின் பக்கவாட்டில் இணைத்துக் கட்டும் பெரிய விதானங்கள் வேறு வகை. அவை 10 கிலோவையும் தாண்டும், அமைக்க நெடுநேரம் பிடிக்கும், இக்கட்டுரையின் வாதம் அவற்றுக்கானதன்று. எல்லாப் பயணத்திலும் கூடாரம் பயன்படும் என்பதும் இதன் வாதமன்று; வண்டியின் மாற்றுச் சக்கரத்தைப் போல, தேவைப்படும் நாளுக்காகவே அதைச் சுமப்பது. இந்திய மொழிகள் பலவற்றிலும் மாற்றுச் சக்கரத்துக்கு வழங்கும் ஸ்டெப்னி என்னும் சொல், வேல்ஸின் லனெல்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904இல் அங்கே இருந்த டேவிஸ் சகோதரர்கள் அதை விற்கத் தொடங்கும்வரை கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேயே ஓடின. அதன்பின் ஆயிரம் பயணத்தில் ஒருமுறை மட்டுமே கழற்றப்படும் அந்தச் சக்கரத்தைச் சுமப்பதை நெடுங்காலம் பெரும்பாலோர் வீண் என்று கருதவில்லை. நனைந்த கூடாரம் வண்டியை ஈரமாக்கும் என்பதற்கும் மாற்று எளிது: நீர் புகாத பையொன்றில் தனியே சுருட்டிப் பின்கதவருகே வைத்து, அடுத்த நிறுத்தத்தில் வெயிலோ காற்றோ கிடைக்கும்போது கண்ணாடிக் கம்பிக்கும் கதவுக்கும் இடையே கட்டி உலர்த்தினால் போதும், மெல்லிய துணி அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இன்வர்னஸில் வண்டியின் சாவியை வாங்கிக்கொள்ளும் பயணிக்குத் தட்டும் தம்ளரும் கெட்டிலும் மடக்கு நாற்காலியும் பட்டியல் போட்டுக் கொடுக்கப்படுகின்றன. அந்தப் பட்டியலில் இருவர் படுக்கும் கூடாரம் ஒன்றும், அதை முதுகில் சுமக்க ஒரு பையும் சேர வேண்டும். சாவியோடு சேர்த்து, 2003ஆம் ஆண்டுச் சட்டம் நடந்து செல்பவருக்கு எதைத் தருகிறது, வண்டியில் செல்பவருக்கு எதைத் தரவில்லை என்பதை விளக்கும் ஒற்றைத் தாளும், பிளேர்மோரிலிருந்து சேண்ட்வுட் செல்லும் தடத்தைக் காட்டும் வரைபடமும் அவர் கையில் கொடுக்கப்பட வேண்டும்.